எட்டாவது எங்கே படித்தாய்?

2024 மே 6ஆம் தேதி பிளஸ் டூ ரிசல்ட் வந்தது. மூன்றாம் நாள் நானும் அம்மாவும் செங்கல்பட்டில் ஒரு பிரவுசிங் சென்டரில் இன்ஜினியரிங் கவுன்சலிங்குக்குப் பதிவு செய்ய உட்கார்ந்திருந்தோம். விண்ணப்பம் போட்டுக்கொடுக்கிற அக்கா பெயர், பிறந்த தேதி, ஆதார், சாதி, அப்பா வருமானம் என்று மடமடவென்று போய்க்கொண்டிருந்தார். அப்புறம் அந்தக் கட்டம் வந்தது. எட்டாவது முதல் பன்னிரண்டாவது வரை எந்தப் பள்ளி, எந்த மாவட்டம், எந்த மாநிலம் என்று வகுப்பு வாரியாகக் கேட்கும் கட்டம். எனக்கு முன்னால் வந்த பையனுக்கு அதில் ஒரே பெயரை ஐந்து தடவை போட்டு அரை நிமிடத்தில் முடித்திருந்தார்.

"எட்டாவது எங்கம்மா?"

"பெங்களூர்க்கா."

"ஒன்பது?"

"ஊர்ல. சங்கராபுரம் பக்கம். பத்தும் அங்கதான்."

"பதினொண்ணு?"

"காலாண்டு வரைக்கும் சங்கராபுரம் டவுன்ல, அப்புறம் இங்க."

கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு நல்ல பழக்கம். பள்ளி மாறிக்கொண்டே இருக்கிற பெண் என்றால் ஏதோ செய்திருப்பாள், அதனால்தான் டிசி கொடுத்து அனுப்பியிருப்பார்கள் என்று நினைக்கிற பார்வை. வாயைத் திறந்து கேட்பதற்குள் நானே முந்திக்கொண்டு, "எங்கப்பா கம்பி கட்டற மேஸ்திரிக்கா, வேலை எங்கயோ அங்க போவோம்" என்றேன். கேட்டதும் அவர் முகம் இளகியது. ஆனால் அடுத்து அவர் சொன்ன விஷயத்தில் என் முகம் மாறிவிட்டது. அதைச் சொல்வதற்கு முன்னால் இந்தப் பள்ளிக்கூடக் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் புரியாது.

ஆறாவதும் ஏழாவதும் எங்கள் ஊர் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தேன். அப்போது எங்கள் ஊர் விழுப்புரம் மாவட்டம். நான் பெங்களூரில் இருந்தபோது, 2019 நவம்பரில், கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகிவிட்டது. ஊர் நகரவில்லை, மாவட்டம் மட்டும் மாறியது. அதனால் என் பழைய சான்றிதழ்களில் ஒரு மாவட்டமும் புதியவற்றில் வேறு மாவட்டமும் இருக்கும். இது தொல்லைகளிலேயே சின்னத் தொல்லை, போகட்டும்.

2019இல் பெங்களூரில் ஒயிட்ஃபீல்டு போகிற மெட்ரோ பாதைக்குத் தூண் எழுப்பிக்கொண்டிருந்தார்கள். அப்பா அங்கே ஒரு ஒப்பந்தக்காரரிடம் கம்பி வேலை. அதற்கு முன் இரண்டு வருஷம் அவர் மட்டும் போய் வந்துகொண்டிருந்தார், தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான் பார்ப்போம். ஒருமுறை வந்தபோது தம்பி அவரைப் பார்த்து அழுதுகொண்டே ஆயா பின்னால் போய் ஒளிந்துகொண்டான். அன்று ராத்திரியே அம்மா, "இனிமே எல்லாரும் ஒண்ணாதான் இருக்கணும்" என்று சொல்லிவிட்டார். அந்த ஜூனில் ஹூடி பக்கம் ஒரே அறை வீடு எடுத்தோம். பக்கத்தில் இருந்த அரசுப் பள்ளி கன்னட வழி. எட்டாவதில் போய் எல்லாப் பாடத்தையும் கன்னடத்தில் படிக்க முடியாது என்று, வட்டிக்கு வாங்கி ஒரு சின்ன தனியார் ஆங்கில வழிப் பள்ளியில் சேர்த்தார்கள்.

அங்கே என் பெயரே எனக்குக் கிடைக்கவில்லை. யாழினி. ஆங்கிலத்தில் ழவுக்கு இசட் எச் போடுகிறோம் அல்லவா, வடக்கிலிருந்து வந்த ஒரு டீச்சர் அதைப் பார்த்து வருஷம் முழுக்க "யாஜினி" என்றே கூப்பிட்டார். ஆபீசில் இருந்தவர் அந்த வம்பே வேண்டாமென்று எல் போட்டு "யாலினி" ஆக்கிவிட்டார். அப்போது சிரித்தோம். கன்னட டீச்சர் மட்டும் சரியாகச் சொல்வார். என்னை முன் பெஞ்சில் உட்காரவைத்து, எழுத்துக்கு மேலே சின்னதாக ஒரு கொம்பு மாதிரி போடுவார்களே, அதற்குத் தலகட்டு என்று பெயர், அதைப் போடாவிட்டால் எழுத்து மொட்டைத் தலையோடு நிற்கும் என்று சொல்லிச் சொல்லி எழுதவைப்பார். ஆறே மாதத்தில் பஸ் போர்டு படிக்கிற அளவுக்கு வந்துவிட்டேன். அந்த வருஷத்தில் உருப்படியாகக் கிடைத்தது அதுதான்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. வேலை நின்றது, எட்டாவது பரீட்சையே எழுதாமல் பாஸ் ஆனேன். எப்படியோ ஊர் வந்து சேர்ந்தோம். கடைசி டேர்ம் பணம் கட்டாததால் பள்ளியில் டிசி தரவில்லை. ஊர்ப் பள்ளி எச்.எம். பழைய ஆள், என்னை ஆறாவதிலிருந்தே தெரிந்தவர். "டிசி வர்றப்ப வரட்டும், நீ முதல்ல உள்ள வா" என்று ஒன்பதாவதில் சேர்த்துக்கொண்டார். அந்த ஒரு வாக்கியத்துக்கு நான் அவருக்கு எவ்வளவு கடன்பட்டிருக்கிறேன் என்று அப்போது தெரியாது.

ஒன்பதாவது என்று சொல்லிக்கொள்கிறேனே தவிர, படித்தது கல்வி டிவியில்தான். 2021 பிப்ரவரி 8ஆம் தேதிதான் ஒன்பதாவதுக்குப் பள்ளி திறந்தார்கள், மார்ச் கடைசியில் திரும்ப மூடிவிட்டார்கள். அந்த ஒன்றரை மாதம்தான் மொத்த ஒன்பதாம் வகுப்பு. அதுவும் ஆல் பாஸ். பத்தாவதுதான் முழுசாக ஒரே இடத்தில், ஒரே பெஞ்சில், ஒரே தோழிகளோடு படித்த வருஷம். டிசி கூட அந்த வருஷம்தான் வந்தது. அப்பா திரும்ப வேலைக்குப் போய்ப் பாக்கியைக் கட்டி வாங்கிவந்தார், "யாலினி" என்ற பெயரோடு.

எங்கள் ஊர்ப் பள்ளி உயர்நிலைப் பள்ளி, பத்தாவதோடு சரி. பதினொன்றாவதுக்கு எல்லாரும் டவுனுக்குத்தான் போகவேண்டும். போனேன். கம்ப்யூட்டர் மேத்ஸ் குரூப், தமிழ் வழி. அதற்குள் அப்பாவுக்குச் செங்கல்பட்டு பக்கம் ஒரு கம்பெனி கட்டடத்தில் இரண்டு வருஷத்துக்குக் குறையாத வேலை கிடைத்தது. அம்மா திரும்ப மூட்டை கட்டினார். காலாண்டு முடிந்ததும் செங்கல்பட்டு மாவட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளி. இந்தத் தடவை பத்து நிமிட வேலைதான். தமிழ்நாட்டுக்குள் அரசுப் பள்ளியிலிருந்து அரசுப் பள்ளிக்கு என்றால், எமிஸ் என்கிற பள்ளிக்கல்வித் துறையின் ஆன்லைன் பதிவேட்டில் பழைய பள்ளிக்காரர்கள் என் பெயரைக் காமன் பூலுக்குத் தள்ளிவிட, புதிய பள்ளிக்காரர்கள் அங்கிருந்து இழுத்துக்கொண்டார்கள். டிசி வாங்க ஒரு வருஷம் நாயாய் அலைந்த அப்பா, "இவ்வளவுதானா?" என்று நம்பாமல் இரண்டு தடவை கேட்டார்.

ஆனால் அங்கே அந்த குரூப் ஆங்கில வழியில் மட்டும்தான் இருந்தது. இரண்டாவது முறையாக மீடியம் மாறினேன். எனக்கு நிலைமம் தெரியும், உந்தம் தெரியும், கணத்தாக்கு தெரியும். போர்டில் சார் எழுதுகிற இனெர்ஷியா, மொமன்டம், இம்பல்ஸ் மூன்றும் நான் படித்த அதே மூன்று சங்கதிகள்தான் என்று தெரிய ஒரு வாரம் ஆனது. நாற்பது பக்க நோட்டு ஒன்றில் நடுவில் கோடு கிழித்து இடது பக்கம் தமிழ், வலது பக்கம் ஆங்கிலத்தைத் தமிழ் எழுத்தில் எழுதிவைத்தேன். அணிக்கோவைக்கு நேராக டிட்டர்மினன்ட். ஒடுக்கத்துக்கு நேராக ரிடக்‌ஷன். இன்னும் அந்த நோட்டு என்னிடம் இருக்கிறது, ஹாஸ்டலில் தமிழ் வழியில் படித்து வந்த ஜூனியர் ஒருத்தி ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டாள். சொல்வதற்கென்ன, பாடம் புரியாமல் நான் அழுததே இல்லை. கேள்வி புரியாமல்தான் அழுதிருக்கிறேன்.

சரி, மார்க்குக்கு வருகிறேன். கணக்கில் 78, இயற்பியலில் 81, வேதியியலில் 84. கட் ஆஃப் தெரியாதவர்களுக்கு: கணக்கு நூற்றுக்கு அப்படியே, மற்ற இரண்டும் ஐம்பது ஐம்பதுக்குச் சுருக்கி, மொத்தம் 200க்குப் போடுவார்கள். 78, 40.5, 42. கூட்டினால் 160.5. இத்தனை பள்ளி மாறியதற்கு இது நல்ல மார்க் என்றுதான் இன்றுவரை நினைக்கிறேன், யாரும் மறுக்கவேண்டாம்.

இப்போது பிரவுசிங் சென்டர் அக்காவிடம் வருவோம். "எட்டாவது வெளி மாநிலம்னு போட்டா நேட்டிவிட்டி சர்டிஃபிகேட் வேணும்மா" என்றார். எட்டு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டிலேயே படித்தவர்களுக்கு அது தேவையில்லை. அதில் ஒரு வருஷம் வெளியே படித்திருந்தாலும், நான் தமிழ்நாட்டுக்காரிதான் என்று தாசில்தார் ஆபீசிலிருந்து பிறப்பிடச் சான்றிதழ் வாங்கிவரவேண்டும். அதைக்கூட வாங்கிவிடலாம். அடுத்த வரிதான் இடி. "அப்புறம் உனக்கு ஏழரை பர்சன்ட் வராதும்மா."

அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத இட ஒதுக்கீட்டைத்தான் சொன்னார். முதலில் 2020இல் மருத்துவத்துக்கு வந்தது. ஓய்வுபெற்ற நீதிபதி முருகேசன் தலைமையில் ஆணையம் போட்டுப் பார்த்துவிட்டு, 2021இல் இன்ஜினியரிங், விவசாயம், கால்நடை, சட்டம் என்று மற்ற தொழிற்படிப்புகளுக்கும் கொண்டுவந்தார்கள். அதில் இடம் கிடைத்தால் கல்லூரிக் கட்டணம், ஹாஸ்டல் எல்லாம் அரசே கட்டிவிடும். நிபந்தனை ஒன்றுதான்: ஆறு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளி. நான் ஆறு படித்தேன், ஏழு படித்தேன், ஒன்பது, பத்து, பதினொன்று, பன்னிரண்டு படித்தேன். ஏழில் ஆறு. நான் வேண்டுமானால் அந்த ஒரு வருஷத்துக்கு முட்டிபோட்டு நிற்கட்டுமா என்று யாரைக் கேட்பது?

வீட்டுக்கு வந்து விதிமுறையை வரி வரியாகப் படித்தேன். ஒரு இடத்தில் நம்பிக்கை வந்தது. கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடத்தில் தனியார் பள்ளியில் எட்டாவது வரை படித்துவிட்டு, ஒன்பதாவதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கும் உண்டு என்று இருந்தது. அடடா என்று எழுந்து உட்கார்ந்தேன். ஆனால் நான் படித்தது அந்த இடத்தில் இல்லை, வட்டிப் பணத்தில். அதுவும் கர்நாடகாவில். திரும்பப் படுத்துக்கொண்டேன். மாதம் 1,000 ரூபாய் வருகிற புதுமைப் பெண் திட்டத்துக்கும் அதே ஆறு முதல் பன்னிரண்டுதான், அதுவும் இல்லை.

விதி தப்பு என்று நான் சொல்லமாட்டேன். எங்கேயாவது ஒரு கோடு கிழித்துத்தான் ஆகவேண்டும், இல்லாவிட்டால் பதினொன்றாவதில் மட்டும் அரசுப் பள்ளிக்கு வந்து சேர்ந்துகொள்கிற ஆட்கள் உண்டு. ஆனால் அந்தக் கோட்டைக் கிழித்தவர்கள் மனதில் இருந்தது வசதியாக இருந்து இடம் மாறுகிறவர்கள் என்று நினைக்கிறேன். வேலை தேடி குடும்பத்தோடு போய், வேலை போனதும் திரும்பி வருகிற வீட்டுப் பிள்ளைகள் கணக்கில் வரவில்லை. எங்கள் ஊரிலேயே என்னைப் போல மூன்று பேர் இருக்கிறோம். என் வகுப்புத் தோழி ஒருத்தி, என்னைவிட கட் ஆஃப் குறைவு, 7.5இல் அரசு கல்லூரி கிடைத்து ஒரு ரூபாய் கட்டாமல் படிக்கிறாள். அவளோடு ஒரு மாதம் பேசவில்லை. அவள் என்ன செய்வாள் பாவம், அப்புறம் நானே போன் பண்ணினேன்.

நேட்டிவிட்டிக்காக ஊருக்குப் போனோம். ரேஷன் கார்டு அங்கேதான் இருந்தது, ஆயா இருந்ததால் அம்மா அதை மாற்றவே இல்லை. எங்களைக் காப்பாற்றியது அந்த அட்டைதான். இ-சேவை மையத்தில் கேன் என்கிற பதிவு நம்பர் போட்டு, 60 ரூபாய் கட்டி விண்ணப்பித்தோம். அது வி.ஏ.ஓ., ஆர்.ஐ. என்கிற வருவாய் ஆய்வாளர், அப்புறம் தாசில்தார் ஆபீஸ் என்று படி ஏறும். வி.ஏ.ஓ. என் டிசிகளை மேஜைமேல் சீட்டுக்கட்டு மாதிரி பரப்பினார். "யாலினி யாரும்மா?"

"நான்தான் சார்."

"அப்ப யாழினி?"

"அதுவும் நான்தான் சார்."

பத்தாவது மார்க் சீட்டைக் காட்டியதும் அந்தப் பேச்சு அதோடு நின்றது. அதில் என்ன பெயரோ அதுதான் அப்புறம் எல்லாவற்றிலும் ஓடும். இதைப் படிக்கிற யாராவது பத்தாவதில் இருந்தால், பொதுத்தேர்வுக்கு முன்னால் நாமினல் ரோல் என்கிற தேர்வு எழுதுகிறவர்கள் பட்டியலில் பெயரைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடச் சொல்வார்கள், அன்றைக்கு மட்டும் தோழியோடு பேசிக்கொண்டே போடாதீர்கள். இன்ஷியல், புள்ளி, ழ, எல்லாவற்றையும் பாருங்கள்.

அடுத்ததாக வி.ஏ.ஓ. நியாயமாக ஒன்று கேட்டார். "பொண்ணு எட்டாவது பெங்களூர்ல படிச்சிருக்கு, இப்ப செங்கல்பட்டுல இருக்கீங்க, இந்த ஊர்னு நான் எப்படிம்மா எழுதறது?" அம்மா அதுவரை வாயே திறக்கவில்லை. "ஓட்டு இங்க சார். ரேஷன் இங்க. வீட்டு வரி இங்க. என் மாமியார் இங்க. செத்தா தூக்கிப் போடறதும் இங்கதான். வேலை மட்டும்தான் சார் அங்க." அவர் ஒன்றும் சொல்லாமல் எழுதினார். முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கும் அதே நடையில் விண்ணப்பித்துவிட்டோம். வீட்டில் யாரும் காலேஜ் பக்கம் போனதில்லை என்பதற்கு அதிகமாக விசாரிக்கவில்லை. ஒன்பது நாளில் நேட்டிவிட்டி வந்தது, பதிவு முடியும் தேதிக்கு முன்னால் பதிவேற்றிவிட்டேன்.

கவுன்சலிங்கில் எனக்கு இரண்டாவது சுற்று, ஆகஸ்ட் மாதம். சாய்ஸ் ஃபில்லிங்கில் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம், 60 கல்லூரிக்கு மேல் போட்டது. கூடப் படித்தவன் ஒருவன் பிடித்த ஆறே கல்லூரியைப் போட்டுவிட்டு எதுவும் கிடைக்காமல் அடுத்த சுற்றுக்குப் போனான். அப்பா ஒரே ஒரு நிபந்தனை வைத்தார், "சிவில் மட்டும் வேணாம்." நான் சிவில்தான் நினைத்திருந்தேன் என்று அவரிடம் இன்றுவரை சொல்லவில்லை. திருச்சி பக்கம் ஒரு சுயநிதிக் கல்லூரியில் ஈசிஇ கிடைத்தது. முதல் பட்டதாரிச் சலுகை போக மிச்சக் கட்டணத்துக்கு அம்மாவின் கம்மல் போனது. சேர்கிற அன்று எல்லா டிசியையும் பிளாஸ்டிக் கவரில் போட்டு மார்போடு அணைத்து எடுத்துப்போனேன். கவுன்டரில் இருந்தவர் கடைசி டிசியை மட்டும் உருவிக்கொண்டு மற்றதைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் தள்ளிவிட்டார்.

நான் பதிவு செய்த அதே வருஷம் ஜூனில் தம்பி ஆறாவது போகவேண்டும். அப்பாவுக்குப் பெங்களூரிலிருந்து திரும்ப அழைப்பு, ஏர்போர்ட் போகிற மெட்ரோ பாதை, கூலியும் கூட. ஐந்து வருஷத்துக்கு முன்னால் எல்லாரும் ஒன்றாகத்தான் இருக்கவேண்டும் என்று சொன்ன அதே அம்மாதான், இந்தத் தடவை தம்பியின் பெட்டியைக் கட்டி ஊரில் ஆயா வீட்டில் கொண்டுபோய் விட்டார். ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அவன் அந்தப் பக்கத்திலேயே இருக்கவேண்டும் என்று முடிவு. விதிமுறையை வரி வரியாகப் படித்துக்காட்டியவள் நான்தான்.

போன செமஸ்டர் லீவில் பெங்களூர் போயிருந்தேன். தம்பி இப்போது ஏழாவது. ராத்திரி அவன் வீடியோ காலில் வந்தான். ஆயாவுக்குக் கால் வலி, இரண்டு நாளாக அவனே சோறு வடிக்கிறான், கணக்கில் 92, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னான். அப்புறம் கொஞ்சம் நிறுத்திவிட்டு, "அப்பா, எட்டாவது மட்டும் அங்க வந்து படிக்கட்டுமா? ஒரு வருஷம்தாம்ப்பா, ஒன்பதாவதுக்குத் திரும்பி வந்துடறேன்" என்றான்.

அப்பா போனை என் கையில் கொடுத்துவிட்டு வெளியே போய்விட்டார்.